முதலில் என் உள்ளங்கால்

தொண்டைமானாற்றுப் பக்கத்தில் ஒரு சிறிய அரச மருத்துவமனையில் நான் வைத்தியர். என்னைப் போன்ற பொது வைத்தியர்களுக்குத் தோல் புற்றுநோய் பற்றி ஒரு பயிற்சி நடந்தது. "மோசமான வகை எங்கடை ஆக்களுக்குக் கூடுதலா உள்ளங்காலிலைதான் வரும். மறக்காமல் பாருங்கோ" என்றார் கற்பித்த நிபுணர்.

மறுவாரம், மாதா மாதம் பிறசருக்குக் குளிசை வாங்க வரும் மீனவர் தவராசா ஐயாவிடம் உள்ளங்காலைக் காட்டச் சொன்னேன். அவர் இரண்டு கால்களையும் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"டொக்டரின்ரை முகத்துக்கு நேரை காலை நீட்டுறதோ, பிள்ளை? அது மரியாதை இல்லை."

எவ்வளவு விளக்கியும் அவர் அசையவில்லை. எனக்குச் சினம் வந்தது. என்ன நினைத்தேனோ, சப்பாத்தைக் கழற்றி என் காலை அவர் பக்கம் நீட்டினேன்.

"அப்ப முதல் என்ரை காலை நீங்கள் பாருங்கோ, ஐயா."

திகைத்தவர், பிறகு குனிந்து கவனமாகப் பார்த்தார். ஒருவர் முன்னால் உள்ளங்காலை நீட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு கூச்சம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஒண்டும் இல்லை, வெடிப்புத்தான். நல்லெண்ணெய் பூசுங்கோ" என்று சிரித்தபடி தன் காலையும் நீட்டினார். குதிக்காலில் விளிம்பு கலைந்த ஒரு கறுப்புத் திட்டு.

"உது முள்ளுக் குத்தினது" என்றார். எப்போது குத்தியது என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

பரிசோதனையில் அது புற்றுநோய் என்று தெரிந்தது. பரவுமுன்பே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

சில மாதங்களின் பின், சற்றே நொண்டியபடி, தன்னோடு கடலுக்குப் போகும் ஒருவரைக் கூட்டி வந்தார். "இவன் காலைக் காட்டமாட்டானாம். முதல் உங்கடையைக் காட்டுங்கோ, பிள்ளை."

இப்போது நான் சப்பாத்துப் போடுவதில்லை. கழற்ற இலகுவான செருப்போடுதான் வேலைக்குப் போகிறேன். நல்லெண்ணெயில் என் குதிக்கால் வெடிப்பும் மாறிவிட்டது.