புகைக்குப் பயந்த ஆயில்

“இது பழைய டர்போ வண்டி, அக்கா. கெட்டி ஆயில் ஊத்தினா புகை அடங்கிடும்” என்று மெக்கானிக் டின்னைத் திறந்தார். அந்த வாடையில் பீர்மேட்டு எஸ்டேட்டில் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எழுபதுகளில் அப்பா எஸ்டேட் ஜீப் ஓட்டினார். புகையைக் கண்டால் எஸ்டேட் மேனேஜர் துரை வேறு டிரைவரைப் போட்டுவிடுவார் என்று பயந்து, கெட்டி ஆயில்தான் ஊற்றுவார். குளிரில் அது இறுகிவிட்டால் ஜீப் கிளம்பாது. அதனால் சாயங்காலமே எஞ்சினிலிருந்து ஆயிலைத் தகர டின்னில் வடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார். காலையில் அம்மா அதைக் காய்ச்சிக் கொடுத்த பிறகுதான் எங்களுக்குக் காப்பி. சோற்றிலும் அந்த வாடை அடிக்கும்.

ஒரு டிசம்பர் விடியலில் தம்பிக்கு மூச்சு இழுத்தது. இருந்தது ஒரே அடுப்பு.

“ஏங்க, ஆவி பிடிக்கத் தண்ணி வைக்கவா, ஆயில வைக்கவா?”

“ஆயில வை. ஜீப்பு கெளம்பலன்னா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவ?”

ஆயில் சூடேறும் வரை தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அவன் பிழைத்துக்கொண்டான். திரும்பும் வழியில் அவள் ஒன்றுதான் சொன்னாள்: “புகைதான? வந்துட்டுப் போவட்டுமே.”

அப்பா அன்று சாயங்காலமும் ஆயிலை வடித்துக் கொண்டுவந்தார். மறுநாளும் டின் அடுப்பில் ஏறியது.

“என்னக்கா, ஊத்தவா?” என்றார் மெக்கானிக்.

“வேண்டாம். வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கிற லேசான ஆயிலே ஊத்துங்க. புகை வந்துட்டுப் போவட்டும்.”