முதுகில் வந்த காற்று

“பிள்ளைய யாரு பாக்குறா?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டது குற்றம் சொல்லவா, அக்கறையிலா? ஒரு வருடம் ஆகியும் எனக்கு விடை தெரியவில்லை. போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குச்சனூருக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே போகும் ரோட்டில் நடந்தது இது.

நாங்கள் சின்னமனூரில் குடியிருக்கிறோம். அப்போது மகளுக்கு இரண்டு வயது. அவள் பிறந்ததும் நான் ஆசிரியை வேலையை விட்டுவிட்டேன். வீட்டிலேயே இருந்து இருந்து எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆளாகிவிட்டேன். கேஸை மூடினேனா, பிள்ளைக்கு நெற்றி சுடுகிறதா, நேற்றைக்கு அவளை அதட்டியது சரியா என்று மனம் ஓயாது. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் என் கணவர் பேட்டரியில் ஓடும் மவுண்டன் சைக்கிள் ஒன்றை வாங்கித் தந்தார். மிதித்தால்தான் நகரும், ஆனால் மிதிக்கும்போது மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். வாய்க்கால் கரையானாலும் கல் ரோடானாலும் அசராமல் போகும்.

ஞாயிறுதோறும் விடிந்ததும் கிளம்பிக் குச்சனூர் வரை போய்த் திரும்புவேன். வழி நெடுகத் தண்ணீர் கட்டிய வயல், தென்னை, வாழை. மேற்கே மலையை மூடிக்கொண்டு மேகம். ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு “இன்னிக்கு எங்க?” என்று கேட்பார்கள். வாரம் முழுக்க அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. என் கணவருக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் எட்டரைக்குக் கிளம்பியாக வேண்டும். அவர் போய்ச் சேர்ந்தால்தான் இரவு வேலை பார்த்தவர் வீட்டுக்குப் போக முடியும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது. நான் ஒரு தடவை தாமதமாக வந்தாலும் அவர் எதுவும் சொல்லமாட்டார். ஆனால் சைக்கிளை விற்றுவிடலாம் என்ற பேச்சை நானே எடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். என்னைவிட்டால் எனக்கு எதிரி கிடையாது.

அன்றைக்குச் சைக்கிள் பறந்தது. குச்சனூர் வந்ததே தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை, வியர்க்கவில்லை. கைப்பிடியில் இருக்கும் சின்னத் திரையில், பேட்டரியின் ஐந்து கட்டைகளில் ஒன்றுதான் குறைந்திருந்தது. இரண்டு மாதம் மிதித்ததில் கால் பழகிவிட்டது என்று பெருமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேனிப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தேன். பழனிசெட்டிபட்டி வந்துவிட்டது. மணி ஏழு ஆகவில்லை. இருபத்திரண்டு கிலோமீட்டர், மூன்று கட்டை மீதி. அந்தச் சின்னத் திரையையும் மலையையும் சேர்த்துப் படம் பிடித்து, “பழனிசெட்டிபட்டி வரை. கால் பலம்” என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டேன்.

சைக்கிளைத் திருப்பினேன். யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது போல இருந்தது.

ஆடிக் காற்று. கம்பம் பக்கமிருந்து வீசுகிற மேல்காற்று. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆடியில் துணி காயப்போட்டால் ஒன்றுக்கு இரண்டு கிளிப் மாட்டுகிறவள். அதுவும் போதாதென்று, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலகையில் அம்புக்குறி போட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றைப் பாடம் நடத்தியவள். எதிரே வரும் காற்று முகத்தில் அறைந்து தன்னைத் தெரிவித்துவிடும். முதுகில் வரும் காற்று அப்படியில்லை. நம் கால் பலம் என்றே நம்ப வைத்துவிடும்.

புழுதியும் வாழைச் சருகும் முகத்தில் அடித்தன. அவசரத்தில் மோட்டாரைக் கடைசி வேகத்தில் வைத்தேன். கட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. குச்சனூருக்குக் கொஞ்சம் முன்னால் திரை அணைந்துவிட்டது. மோட்டார் இல்லாவிட்டால் அந்தச் சைக்கிள் வெறும் பாரம். நின்று மிதித்தாலும் நகரவில்லை. இறங்கித் தள்ளினேன். மணி ஏழே முக்கால். வீட்டுக்கு இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர்.

கணவர் போன் செய்தார். “எங்கன வந்துக்கிட்டிருக்க?”

“குச்சனூர் தாண்டிட்டேன்” என்றேன். வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன பொய்கள் மிகக் குறைவு. அது தானாக வந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு மினி லாரி நின்றது. நடவுக்கு வந்த பெண்கள் தூக்குவாளிகளோடு அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டை, தலையில் துண்டு. ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிவந்த என்னைப் பார்த்ததும் ஒருத்தி, “கரண்டு சைக்கிளா ஆத்தா? கட் ஆயிருச்சா?” என்றாள்.

“லைன்மேனுக்குப் போன் போடச் சொல்லு” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

என் வயதுள்ள ஒருத்தி மட்டும் கிட்டே வந்து, எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

“ஆடி மாசத்துல காத்தோட போயிட்டு எதுத்தா திரும்புவாக? நாங்க புல்லுக்கட்டுக்குப் போனாக்கூட, போறப்ப எதுத்துப் போயி, வாரப்ப காத்தோட வருவோம். தெம்பு இருக்கப்பவே கஷ்டத்த முடிச்சுக்கிரணும்ல.”

எட்டரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“பிள்ளைய யாரு பாக்குறா?”

நான் விளக்க ஆரம்பித்தேன். எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பும்வரை அவள் அப்பா பார்த்துக்கொள்கிறார், பால் காய்ச்சி வைத்துவிட்டுத்தான் வந்தேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் இரண்டு மணி நேரம்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் தலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டியபடி வயலைப் பார்த்து, “எம் பிள்ளையும் அவுக அப்பாட்டதான் கெடக்கு” என்றாள். அவ்வளவுதான். விளக்கம் எதுவும் இல்லை.

பிறகு திரும்பி டிரைவரைக் கூப்பிட்டாள். மிச்ச ஆட்களை ஏற்ற அவர் மறுபடி சின்னமனூர் போகவேண்டியவர். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று கிளாஸைக் கையில் எடுத்திருந்தார். “ஏண்ணே, டீய அங்கன போய்க் குடிங்க. இவுக எட்டரைக்கு வீட்டுல இருக்கணுமாம். அங்க ஒரு மனுசன் வேலைக்குப் போகணும்ல.”

நான் சொன்னதில் முக்கியமானதை அவள் சரியாகப் பிடித்திருந்தாள். நான்கு பேர் சேர்ந்து சைக்கிளைத் தூக்கி ஏற்றினார்கள். “கரண்டு இல்லாட்டியும் கனம் இருக்கு” என்று அதற்கும் ஒரு சிரிப்பு. நான் நன்றி சொல்வதற்குள் அவர்கள் வரப்பில் இறங்கிவிட்டார்கள். அவள் பெயரைக் கேட்கவில்லை என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது எட்டு இருபத்தைந்து. கணவர் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, மகளை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தார். லாரியையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். “பேட்டரியில கிளம்பி டீசல்ல வந்திருக்க” என்றார். குச்சனூர் தாண்டிவிட்டதாகச் சொன்னது பொய் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

“தெரியும். ஏழு மணிக்கே ஸ்டேட்டஸ் பாத்தேனே, பழனிசெட்டிபட்டியில நின்னவ அதுக்குள்ள எப்படி வருவ? பயந்து போயி வேகமா ஓட்டிருவியேன்னுதான் எதுவும் கேக்கல.” பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு மதியம் இன்னொரு படம் போட்டேன். மினி லாரியில் படுத்துக் கிடக்கும் சைக்கிள். போடலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்துத்தான் போட்டேன். “கால் பலம் இல்லை, காற்று” என்று எழுதினேன். அதுவரை நான் போட்ட படங்களில் அதிகம் பேர் பேசியது அதைப் பற்றித்தான்.

சைக்கிளை விற்கவில்லை. இப்போது கிளம்புமுன் மாடிக்குப் போய், கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கிறேன். ஆடியில் உத்தமபாளையம் பக்கம் காற்றை எதிர்த்துப் போகிறேன். பாதி பேட்டரியில் திரும்பிவிடுகிறேன். வீடு வரும்போது முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிறார்கள். அது என் கால் இல்லை என்று இப்போது தெரியும். ஒரு நாளும் தாமதமானதில்லை.

ஆனால் அந்தக் கேள்வியை இப்போதும் வழியில் யாராவது கேட்கிறார்கள். டீக்கடையில், கோயில் வாசலில், கல்யாண வீட்டில். இதே ரோட்டில் வேலைக்குப் போகும் என் கணவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டவுடன் நான் பால் காய்ச்சி வைத்ததிலிருந்து ஆரம்பித்துவிடுகிறேன். அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டு வயலில் இறங்கிப் போனாள். வாசகத் தோழிகளே, உங்களில் யாருக்காவது அது கைவந்திருந்தால் எழுதுங்கள்: “அவ அப்பா பாத்துக்கிறாரு” என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்திக்கொள்ள எப்படிப் பழகினீர்கள்?