தெற்கு வாசல் வண்டில்

எங்கள் வீட்டுக்கு ஒரு பொருள் புதிதாக வந்தால் அதற்குக் கெட்ட காலம் அன்றைக்கே தொடங்கிவிடும். தொலைக்காட்சி வந்தால் அதன் தலையில் ஒரு பின்னல் விரிப்பு, விரிப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் அன்னம். சோபா வந்தால் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே கூடாது. கோடையில் விருந்தாளிகள் எழும்பும்போது தோல் உரிகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டு என் கணவர் பூரிப்பார். பொருள் பத்திரமாக இருக்கிறதாம்.

அப்படிப்பட்டவர், இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு வசந்த காலத்தில், காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் வண்டி ஒன்றைப் புத்தம் புதிதாக வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, மேசை, குளிர்ப்பெட்டி எல்லாம் இருக்கும். நோர்வேக்காரர்கள் கம்பிங்வொங்ன் என்பார்கள். எனக்கு அது வாயில் நுழையவில்லை. நான் வண்டில் என்றேன்.

"வண்டில் எண்டு சொல்லாதையும். மாடு கட்டி இழுக்கிற மாதிரிக் கிடக்கு. இது வீடு. சில்லுப் பூட்டின வீடு."

அவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். சில்லு என்றால் என்ன, வீடு என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் நான் கதைக்கவில்லை. ஏனென்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அந்த வண்டிலில் ஓர் ஆசை இருந்தது.

விற்கிற இடத்துக்குப் போனபோதே அது பிடித்துக்கொண்டது. வண்டிலின் முன்பக்கத்தில், காரோடு கொளுவுகிற பக்கத்தில், சுவர் முழுக்க ஒரு கண்ணாடி யன்னல். அதற்குக் கீழே வளைவாக ஓர் இருக்கை. நான் அதில் இருந்து பார்த்தேன். வெளியே வேறு வண்டில்கள்தான் நின்றன. ஆனாலும் எனக்குத் தண்ணீர் தெரிந்தது. நான் வேலை செய்தது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். பகலில் அங்கே உருளைக்கிழங்கு, மாலையில் வீட்டில் சோறு. வருஷம் முழுக்க என் முகத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு சட்டி ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

"இஞ்சாருங்கோ, இதை வாங்கினா யூலை விடுமுறையிலை நான் இந்த யன்னலடியிலை இருந்து, தண்ணியைப் பாத்துக்கொண்டு, தேத்தண்ணி குடிக்கவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

"ஓம், ஓம். ஆர் வேண்டாமெண்டது?" என்றார்.

அந்த ஓம் ஓம்மை நான் நம்பினேன்.

ஒஸ்லோவில், புருசெத்தில் இருந்த எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வாகனத் தரிப்பிடத்தில் வண்டில் வந்து நின்றது. மறுநாளே திருத்த வேலைகள் தொடங்கின. அந்த வண்டிலைச் செய்தவர்கள் ஒரு கரண்டி வைக்கிற இடத்தைக்கூட யோசித்து யோசித்துச் செய்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று என் கணவர் முடிவு கட்டிவிட்டார். மெல்லிய வெள்ளைத் திரைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, குஞ்சம் தொங்கும் கருஞ்சிவப்புப் பட்டுத் திரைகளைப் போட்டார். கல்யாண மண்டபத்தில் மணவறைக்குப் பின்னால் தொங்குமே, அதே சாமான். நில விரிப்பின் மேல் இன்னொரு விரிப்பு. அதன் மேல் பிளாஸ்டிக். உடுப்பு அலமாரியின் கதவில் சாமித்தட்டு, அதில் மினுங்கி மினுங்கி எரிகிற சிவப்பு பல்ப். என்னுடைய வளைந்த இருக்கைக்கு அளவெடுத்துத் தைப்பித்த பிளாஸ்டிக் உறை. கூரையில் தமிழ்த் தொலைக்காட்சி பார்க்கத் தட்டு அன்டெனா. அதற்குப் பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. கூரை நடுவில் ஒரு கொத்து விளக்கு மாட்டினார். அதில் தலையை இடிக்காமல் நடக்கிறவர் எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை.

நோர்வேயிலேயே பிறந்த எங்கள் மகள் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது கம்பிங்வொங்ன். எங்கடை லைலிஹெத் இல்லை," என்றாள். லைலிஹெத் என்றால் நாங்கள் இருக்கிற அடுக்குமாடி வீடு. பிள்ளை ஒரே வசனத்தில் முழுவதையும் சொல்லிவிட்டது. கோடையில் தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பியும் கொண்டது.

இந்தத் திருத்தங்களைப் பார்வையிட ஹவுகெட்டோவிலிருந்து இவரின் அத்தான் வாராவாரம் வருவார். அக்காவின் புருஷன். உலகத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. உருப்படியாகத் தெரிந்ததும் ஒன்றும் கிடையாது. பின்னுக்குக் கையைக் கட்டிக்கொண்டு வண்டிலைச் சுற்றி நடப்பார். "காணாது," என்பார். என்ன காணாது என்று கேட்டால் யோசித்துவிட்டு ஏதாவது சொல்வார். அப்படி அவர் சொல்லி வந்ததுதான் முற்றத்துக் கூடாரம். வண்டிலின் வாசல் பக்கத்தில் தண்டவாளம் மாதிரி ஒரு தவாளிப்பு இருக்கும். அதற்குள் கூடாரத் துணியின் விளிம்பைச் செருகி இழுத்தால் வண்டிலின் நீளத்துக்கு ஒரு மண்டபம் வந்துவிடும். "ஆக்கள் வந்தா எங்கை இருக்கிறது?" என்று கேட்டார் அத்தான். ஆட்களிடமிருந்து தப்பத்தானே போகிறோம் என்று நினைத்தேன்.

கடைசியாக ஒரு நாள் என் கணவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மூவர் பூட்டப்போறன்."

"ஆர் மூண்டு பேர்? அவைக்கும் நானோ சமைக்கிறது?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூவர் என்பது ஆட்கள் இல்லையாம். சில்லுகளோடு பொருத்துகிற மோட்டராம். காரிலிருந்து கழற்றிவிட்ட பிறகும், கையில் ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு அழுத்தினால் வண்டில் தானாக முன்னே போகும், பின்னே போகும், நின்ற இடத்திலேயே சுழலும். தரிப்பிடத்தில் அதைச் சுழற்றிக் காட்டாத நாள் இல்லை. இந்தியாவிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஒருவர் எங்கள் மாடியில் இருந்தார். அவர் ஒருநாள் பார்த்துவிட்டு, "சூப்பர் சார்! எங்க ஊர்ல சினிமா ஸ்டாருங்கதான் கேரவன் வச்சிருப்பாங்க," என்றார். அன்றிலிருந்து என் கணவர் வண்டிலுக்குள் ஏறும்போதுகூட வேறு மாதிரித்தான் ஏறினார். ரிமோட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது.

யூலையில் புறப்பட்டோம். ஒஸ்லோவை விட்டு வெளியே, காட்டுக்குள் ஓர் ஏரி. கரையில் வரிசையாக வண்டில்கள். எங்களுக்குக் கிடைத்த இடம் தண்ணீரோடு ஒட்டியது. இதில் மட்டும் என் கணவரைக் குறை சொல்ல மாட்டேன், பஸ் ஓட்டுகிற கை. ஒரே தரத்தில் வண்டிலைத் திருப்பி, என் யன்னல் கிழக்கே ஏரியைப் பார்க்க நிறுத்தினார். நான் கேத்திலை வைத்தேன். இருக்கையில் போய் இருந்தேன். பிளாஸ்டிக் கீச்சிட்டது. இருந்தாலும் என்ன, ஏரி முழுக்க வெயில். தேயிலை சாயம் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

அப்போது அத்தானின் கார் வந்து நின்றது. குடிபூரலுக்கு, புதுவீட்டில் பால் காய்ச்ச, வந்தார்களாம். வீடென்றால் குடிபூர வேண்டுமே. அவரின் மனைவி, என் மச்சாள், கையில் புதுப் பால்ச்சட்டி, அத்தான் கையில் கார்த் திறப்புக் கோர்வை. அந்தக் கோர்வையில் ஒரு குட்டித் திசைகாட்டி தொங்கியது. அத்தான் வாசலில் நின்று அதைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு தரம் பார்த்தார்.

"தம்பி, வாசல் தெற்கு."

என் கணவரின் முகம் வெளிறிவிட்டது.

"யமன்ரை திசையடா. தெற்கு வாசலுக்குள்ளை பால் காய்ச்சலாமோ? கிழக்கை திருப்பு."

சில்லு வைத்த ஒரு பொருளுக்கு வாசல் பார்க்கிற சாதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒஸ்லோவிலிருந்து வரும் வழியில் அந்த வாசல் எத்தனை திசைகளைப் பார்த்திருக்கும்! வளைவுக்கு வளைவு யமன் ஏறி இறங்கியிருப்பானே! அதைச் சொன்னேன். "உமக்கு உது விளங்காது," என்றார் கணவர். ரிமோட் வெளியே வந்தது. சுற்றியிருந்த நோர்வேக்காரர்கள் மடக்குக் கதிரைகளில் இருந்தபடி கோப்பியும் கையுமாகப் பார்க்க, வண்டில் நின்ற இடத்தில் கிறீச்சிட்டுக்கொண்டு சுழன்றது. உள்ளே நான் இருந்தேன். ஏரி யன்னலிலிருந்து மெல்ல நழுவிப் போனது. ஒரு மரம் வந்தது. அதன் பிறகு, பொதுக் கழிவறைக் கட்டடம் வந்து நின்றுவிட்டது.

கிழக்கு வாசலில் பால் பொங்கியது. புது அடுப்பில் வழிந்து, நெருப்பை அணைத்து, துவாரங்களுக்குள் இறங்கிக் கருகியது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தத் தீய்ந்த வாசம் கோடை முழுக்கப் போகவில்லை. துடைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

வாசலில் கூடாரம் கட்டியாயிற்று. ஏரியின் காட்சி இப்போது கூடாரத்துக்கு. அங்கே ஆண்கள் இருந்து சீட்டுக் கடதாசி விளையாடினார்கள். தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடினார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. காற்று வருகிறது என்று ஏரிப் பக்கத்துத் துணியையும் இழுத்து மூடினார்கள். நாளுக்கொரு குடும்பம் வந்தது. வெஸ்ட்லியிலிருந்து வந்தார்கள், ஹவுகெட்டோவிலிருந்து வந்தார்கள். "நல்ல வசதியாய்க் கிடக்கு," என்றார்கள். வசதிதான். நான் சோறு வடித்தேன். பெரிய சோற்றுப் பானையையும் கேத்திலையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் நின்றுவிடும். அந்த வண்டில் முகாமைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து சரிசெய்வார், இரண்டாம் தரமும் நின்றால் பெருமூச்சு விடுவார். காலையில் என் தேத்தண்ணியோடு யன்னலடியில் இருந்தால், வண்டில்களின் கழிவறைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஊற்றப் போகிறவர்கள் வரிசையாகத் தெரிவார்கள். சிலர் எனக்குக் கைகாட்டுவார்கள். நானும் காட்டுவேன். இதற்காகவா நான் வருஷம் முழுக்க உருளைக்கிழங்கு அவித்தேன் என்று மனம் கொதிக்கும்.

"ஒருக்கால் யன்னலைத் தண்ணிப் பக்கம் திருப்பினா என்ன?" என்று கேட்டேன்.

"விசரே? வீட்டைத் திருப்பிக்கொண்டு இருக்கிறதே?" என்றார்.

விடுமுறையின் கடைசி வாரத்தில் ஆண்கள் எல்லாரும் எல்லை தாண்டிச் சுவீடனுக்கு இறைச்சி வாங்கப் போனார்கள். அங்கே மலிவு என்று நோர்வேயே போகும். நாங்கள் மட்டும் போகாமல் விடுவோமா. மச்சாளும் கூடப் போனா. "பின்னேரம் வருவம். ரெண்டு கார் ஆக்கள். இறைச்சி கொண்டு வாறம், நீர் மற்றதுகளை வைச்சுவிடும்," என்றார் கணவர். கார்கள் மறைந்தன. வெங்காயக் கூடையை எடுத்தேன். ஒன்றை உரித்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

சாமித்தட்டுக்குப் பின்னால் ரிமோட் இருந்தது. அதை அவர் வந்தவன் போனவனுக்கெல்லாம் விளக்கியதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் கூடாரத்தின் கம்பிகளைக் கழற்றினேன். பக்கத்து வண்டில் நோர்வேக் கிழவி ஒன்றும் கேட்காமல் எழும்பி வந்து மறுமுனையைப் பிடித்தா. துணியைத் தவாளிப்பிலிருந்து இழுத்து எடுத்தோம். பெரிய சுமை. மடித்து வண்டிலுக்குக் கீழே தள்ளினோம். மின்கம்பியைப் பிடுங்கினேன். வண்டில் ஆடாமல் தாங்குகிற நாலு மூலைக் கால்களையும் சுழற்றி உயர்த்தினேன். புல்லில் தள்ளி நின்று பொத்தானை அழுத்தினேன்.

வண்டில் முனகிக்கொண்டு திரும்பியது. கழிவறை விலகியது, மரம் விலகியது. யன்னல் கண்ணாடி ஏரியின் வெளிச்சத்தைப் பிடித்ததும் கையை எடுத்தேன். கிழவி கைதட்டினா. பால் பொங்கியதற்குத் தட்டினார்களே, அதைவிட இது நியாயமான கைதட்டல்.

கால்களை இறக்கி, மின்கம்பியைத் திரும்பக் கொளுவிவிட்டு, உள்ளே போய் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் கிழித்து எடுத்தேன். துணி மெத்தென்று இருந்தது. அதற்கு மேல் பகல் முழுக்க நான் செய்த ஒரே வேலை தேத்தண்ணி வைத்தது.

பின்னேரம் கார்கள் வந்தன. எல்லாரும் இறங்கி, பைகளோடு, கூடாரம் நின்ற இடத்தில் நின்றார்கள். எதிரே வெறும் புல்லும் ஏரியும்.

"கூடாரம் எங்கை? வாசல் எங்கை?" என்று கத்தினார் என் கணவர். "என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்? வீட்டையே திருப்பிப்போட்டீரோ?"

யன்னலைத் திறந்தேன்.

"வீடு திரும்பாது," என்றேன். "இது வண்டில்."

அத்தான் ஆட்டுத் தொடையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். திசைகாட்டியைத் தேடி ஒரு கை சட்டைப்பைக்குள் போனது.

"தங்கச்சி, வாசல் தெற்கை. யமன் வருவான்."

"வரட்டும் அண்ணை. ஆனா இஞ்சை சாப்பாடு இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ."

என் கணவர் ரிமோட்டை எடுக்க வண்டிலுக்குள் ஏறினார். சாமித்தட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தேடினார், கொத்து விளக்கில் தலையை இடித்துக்கொண்டார், மறுபடியும் தேடினார். அது என் மடியில் இருந்தது. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.