கேள்வி என்னுடையது, பேனர் அவருடையது

சில வருடங்களுக்கு முன்பு, சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவிப்பதற்குக் கொஞ்சம் முந்தி, காரைக்குடிக்குப் பக்கத்தில் அமராவதிபுதூரைத் தாண்டி இருக்கிற எங்கள் சின்ன ஊரில் நடந்தது இது. நான் அங்கே அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். ஊரில் எல்லாருக்கும் நான் பால்வாடி டீச்சர். என் வீட்டுக்காரருக்கு செக்காலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. "எவனாவது ஓசியில ஒரு டீ வாங்கிக் குடுத்தாக்கூட இவ கிளாஸைத் தூக்கி அடியில என்ன இருக்குன்னு பாப்பா" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். பொய் இல்லை, நான் அப்படித்தான்.

அந்தத் தேர்தலில் எங்கள் பக்கம் ஒரு பெரும் பணக்காரர் நிற்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. வயலை வாங்கி ப்ளாட் போட்டு விற்கிறவர். கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், பஸ் என்று அவருக்கு இல்லாதது எதுவும் இல்லை. திடீரென்று ஒரு நாள் பார்த்தால் எந்தச் சாவு வீட்டிலும் அவர் மாலைதான் முதலில் விழுகிறது. காதுகுத்துக்கு வருகிறார், தரையில் உட்கார்ந்து பந்தியில் சாப்பிடுகிறார், கிழவிகளைக் கட்டிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார். எங்கள் தெருவே கிறங்கிப் போய்விட்டது.

"அவருகிட்ட இல்லாத காசா? அவரு எதுக்கு நம்ம காசைத் திருடப் போறாரு?" தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது தினமும் இதே பேச்சுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் நாங்கள் குடத்தோடு நிற்பதற்கே அவர்தான் காரணம். எங்கள் ஊரணிக்கு மழைத் தண்ணி கொண்டுவரும் வரத்துக்கால் ஊருக்கு மேற்கே ஓடியது. அங்கே அவர் ப்ளாட் போட்டபோது கிராவல் மண்ணைக் கொட்டி அதை மூடிவிட்டார். அதற்கப்புறம் பெய்த மழையெல்லாம் ரோட்டில் ஓடிப் போனது. ஊரணி வெடித்துக் கிடந்தது. மனு கொடுத்து அலுத்துப் போனோம். இவ்வளவும் தெரிந்தவர்கள்தான் வரிசையில் நின்றுகொண்டு அவரைப் புகழ்ந்தார்கள்.

ஒரு நாள் காலையில் அவருடைய ஆட்கள் நாலைந்து பேர் வந்து தெருவை மேலும் கீழும் பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம் அவர் எங்கள் தெருவில் ஒரு ஏழை வீட்டில் சாப்பிடப் போகிறாராம். எங்கள் வீடு காங்கிரீட், அதனால் தள்ளுபடி. பக்கத்து வீட்டு மதினியின் ஓட்டு வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் உள்ளே ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. மதினியின் மகன் திருப்பூரிலிருந்து வாங்கி அனுப்பியது. அது போட்டோவில் வரக்கூடாது என்று சொல்லி, பாலும் மாவும் உள்ளே இருக்க இருக்க, அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டார்கள்.

"என்ன மதினி, இதுக்கெல்லாம் சரின்னு சொல்லுறீக?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் கூத்துதானத்தா. அவுக ஆசப்படுறாக, வச்சுட்டுப் போகட்டும்" என்று மதினி சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு அன்றைக்குப் புரியவில்லை. வெள்ளந்தி மனுஷி, ஏமாந்து போகிறது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவர் வந்தார். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, அந்த வெயிலில் செருப்பில்லாமல் நடந்து வந்தார். மதினி வீட்டு வாசலில் சாமியானா, தெருவே கூடி நின்றது. கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். தொட்டுக்க வைத்த வெண்டைக்காய் மண்டியை இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நடிப்பு மாதிரித் தெரியவில்லை, நிஜமாகவே ருசித்துத்தான் சாப்பிட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கை கழுவி வந்து, நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "யாருக்கு என்ன குறைன்னாலும் கேளுங்க. என்னையவே திட்டணும்னாலும் திட்டுங்க" என்றார். ஒருவர் மயானத்துக்கு ரோடு கேட்டார். இன்னொருவர் பஸ் கேட்டார். யாரும் ஊரணியைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் கையை உதறிவிட்டு முன்னால் போனேன்.

"எங்க ஊரணிக்கு வார வரத்துக்காலை நீங்கதான் மண்ணைப் போட்டு மூடுனீக. இப்ப எங்க தெருவுல ஒக்காந்து சாப்புடுறீக. நீங்க குடிச்ச தண்ணியே நாங்க லாரியில வாங்குன தண்ணிதான். அதுக்கு என்ன சொல்லுறீக?"

அவருடைய ஆள் ஒருவன் என் பக்கமாக வந்தான். அவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"ஆமா தங்கச்சி. மூடுனது நாந்தேன்" என்றார்.

மறுப்பார், மழுப்புவார், ஆபீஸர்கள் மேல் பழி போடுவார் என்றுதான் நான் தயாராகப் போயிருந்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்து எழுந்து நின்றார்.

"சும்மா மூட முடியுமா? எந்த மேசையில என்ன வைக்கணும்னு தெரிஞ்சு வச்சேன், மூடுனேன். நீங்க குடுத்த மனுவெல்லாம் அதே மேசையிலதான் தூங்குது. இன்னொருத்தன் செயிச்சு வந்தா அவனுக்கு அந்த மேசை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே அஞ்சு வருசம் ஆகும். மூடத் தெரிஞ்சவனுக்குத்தேன் தொறக்கத் தெரியும். நாளைக்கு விடிஞ்சதும் தொறக்கேன். என் தங்கச்சி கேட்டுருச்சு!"

விசில் பறந்தது. கை தட்டல் அடங்கவே இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் தட்டினேன். எப்போது தட்ட ஆரம்பித்தேன் என்றே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் தப்பு செய்த ஒரு பெரிய மனிதர் 'ஆமாம்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அது ஒரு மாதிரி ஆளை அடித்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையிலேயே ஜேசிபி வந்தது. பின்னாலேயே ஒரு லாரியில் பெரிய பெரிய சிமெண்ட் குழாய்கள். ப்ளாட்டுக்கு நடுவில் தோண்டிக் குழாயைப் பதித்து, ஊரணி வரைக்கும் இழுத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் என்னிடம் வந்து, "நீ ஒருத்தி கேட்டதாலதான்" என்று சொன்னார்கள். அன்றைக்குப் பூராவும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மனசுக்குள் மட்டும் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. அரசாங்க ஆபீஸுக்கு மனுவோடு அலைந்த எனக்குத் தெரியும், நல்ல காரியம் எதுவும் இவ்வளவு சுருக்காக நடக்காது.

கொஞ்ச நாளில் தேர்தல் தேதி அறிவித்தார்கள். எங்களைப் போன்ற அங்கன்வாடிக்காரர்களுக்கு வாக்காளர் பட்டியல் வேலையும், வீடு வீடாகப் போய் பூத் சிலிப் கொடுக்கிற வேலையும் வரும். எனக்கும் வந்தது. அந்த வாரம் நான் பஸ்ஸில் காரைக்குடிக்குப் போகும்போது ரோட்டோரச் சுவரில் ஒரு பெரிய பேனரைப் பார்த்தேன். நடுவில் அவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். அவருக்கு எதிரில், கையை நீட்டிப் பேசிக்கொண்டு, நான். கீழே 'தங்கச்சி கேட்டாள், அண்ணன் செய்தார்' என்று கொட்டை எழுத்து. சுவர் தனியார் இடம், கட்சிப் பெயர் இல்லை என்று சாக்கு வைத்திருந்தார்கள். அடுத்தடுத்த ஊர்களிலும் அதே பேனர்.

தேர்தல் வேலை பார்க்கிற ஆள் ஒரு வேட்பாளரின் பேனரில் நின்றால் என்ன ஆகும்? எதிர்த்தரப்பு புகார் கொடுத்துவிட்டது. எங்கள் சூப்பர்வைசர் அம்மா போனில் கூப்பிட்டு, "பேனர் உடனே எறங்கணும். இல்லைன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். என் சம்பளத்தை நம்பித்தான் பிள்ளைகள் இரண்டும் காலேஜில் படிக்கின்றன.

மதினியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு செக்காலை ரோட்டில் இருக்கும் அவருடைய ஆபீஸுக்குப் போனேன். ஏசி ஓடிக்கொண்டிருந்த பெரிய ஹால். நிறையப் பேர் காத்திருந்தார்கள். யாரும் நிற்கவில்லை, எல்லாருக்கும் நாற்காலி. ஒரு பெண் வந்து எங்கள் பெயரைக் கேட்டாள், மோர் கொடுத்தாள். எனக்குப் பக்கத்தில் சாக்கோட்டையிலிருந்து வந்த ஒரு விவசாயக் குடும்பத்து அம்மா இருந்தார். பட்டாவில் இறந்துபோன மாமனார் பெயர் இன்னும் மாறவில்லையாம். தாலுகா ஆபீஸுக்கு எத்தனையோ நாள் அலைந்திருக்கிறார்.

"இவரு செஞ்சு குடுத்துருவாருன்னு நம்புறீகளா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. ஆனா அங்க போனா எந்த ஊரு, என்ன விசயம்னுகூடக் கேக்க ஆளில்ல. இங்க ஒக்காருங்கன்னு சொல்லுறாக" என்றார் அவர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. குரலைத் தாழ்த்தி, "பாத்தீகளா மதினி, ஒரு டம்ளர் மோருக்கு ஏமாந்து போறாக" என்றேன்.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தது. "நீ எங்கள என்னன்னு நெனச்ச? என் வீட்டு ஃபிரிட்ஜை எங்கிட்ட இருந்தே ஒளிச்சு வைக்கிற மனுசன் யாருன்னு எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். இதுக்கு முன்ன செயிச்சு வந்தவுக என்னத்தக் கிழிச்சாக? அவுகளும் ஊரு சொத்த எடுத்தாக, நம்மளத் திரும்பிக்கூடப் பாக்கல. இந்தாளு எடுத்தாலும் 'என்ன ஆத்தா'ன்னு கேக்குறாரு. இருக்கறவுகள்ல ஒருத்தரத்தான நாம பொறுக்க முடியும்?"

ஊரிலேயே நான் ஒருத்திதான் சந்தேகப்படுகிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். பார்த்தால் எல்லாருக்கும் சந்தேகம் இருக்கிறது. அவர்களுக்கு அவரைவிட மற்றவர்கள் மேல் இன்னும் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே கூப்பிட்டார்கள். அங்கே அவர் என்னைத் தங்கச்சி என்று சொல்லவில்லை. "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. போனை எடுத்து, "டீச்சர் படம் போட்ட பேனர் எல்லாம் இன்னைக்கே எறங்கணும். ஒண்ணு விடாம" என்றார். பிறகு என்னிடம், "மன்னிச்சுக்கோங்க. பசங்க ஆர்வக்கோளாறுல செஞ்சுட்டாங்க" என்றார்.

எழுந்து கும்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதும் அந்த நெருடல் போகவில்லை. திரும்பி, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் குழாயெல்லாம் ஒரே ராத்திரியில எங்க கிடைச்சுச்சு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, கூச்சமே இல்லாத சிரிப்பு.

"அது முன்னாடியே வாங்கி குடோன்ல போட்டு வச்சதுதான் டீச்சர். அன்னைக்கு நீங்க கேக்கலைன்னா, எங்க ஆளு ஒருத்தன் கேக்குறதா இருந்துச்சு. நீங்க கேட்டது இன்னும் நல்லா அமைஞ்சு போச்சு."

கையை உதறிவிட்டுப் போய் நான் கேட்ட கேள்விக்கு அவர் முன்கூட்டியே இடம் போட்டு வைத்திருக்கிறார். அதைவிடக் கொடுமை, அவர் இதை என்னிடம் மறைக்காமல் சொன்னதற்காக, ஒரு நொடி அவரை எனக்குப் பிடித்தும் போனது.

பேனர்கள் அன்றைக்கே இறங்கிவிட்டன. எச்சரிக்கையோடு என் வேலை தப்பியது. அவர் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். சாக்கோட்டை அம்மாவின் பட்டா மாறியதா என்று எனக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் குழாய் வழியாக ஊரணிக்குத் தண்ணி வந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய வரத்துக்கால் ஒரு வண்டி போகிற அகலம் இருந்தது. குழாயில் வந்த தண்ணி ஊரணியில் பாதிகூட நிறையவில்லை. மிச்ச வரத்துக்கால் இருந்த இடமெல்லாம் ப்ளாட்டாக விற்று, காம்பவுண்டுச் சுவர் எழும்பிவிட்டது. யாராவது மறுபடி மனு கொடுத்தால், "அதான் தொறந்தாச்சே" என்று பதில் வருகிறது. நான் கேட்ட கேள்வியே அவருக்கு ரசீதாகிவிட்டது.

மதினி அவருக்குத்தான் ஓட்டுப் போட்டது. என்னிடமே சொன்னது. பாதி ஊரணித் தண்ணியாவது வந்ததே என்கிறது. நான் அதோடு சண்டை போடுவதில்லை. அந்த மனிதரை இன்றுவரை நான் நம்பவில்லை. ஆனால் அவரைத் தேடிப் போகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்கிற துணிச்சலும் அன்றோடு எனக்குப் போய்விட்டது.