உள்ளே ஊதக்கூடாது என்றேன்

எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில், ஒலியைப் போலவே ஒலிக்கும் சொற்கள் என்று ஒரு பட்டியல் படிப்பிக்கிறேன். பாம்புக்கு 'ஹிஸ்', பன்றிக்கு 'ஒயிங்க்', மழைக்கு 'பிட்டர் பட்டர்'. மார்கழியில் எங்கள் ஊர் இறக்கக்கண்டிக்கு வந்து பாருங்கள், எந்த மழை 'பிட்டர் பட்டர்' என்று பெய்கிறதென்று. ஒரு பிள்ளை, தன் நாய் 'வள் வள்' என்று குரைப்பதாக ஆங்கில எழுத்தில் எழுதினாள். விடை பிழையென்று புள்ளியை வெட்டினேன். அவள் வீட்டு நாய் எப்படிக் குரைக்குமென்று அவளுக்குத் தெரியாதா, எனக்குத் தெரியுமா?

வெள்ளைக்காரன் வாயால் சத்தம் போட்டால் அது பாடம். நாங்கள் போட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு. இந்தக் கேடுகெட்ட எண்ணத்தை யாரும் எனக்கு ஊட்டவில்லை, நானே வளர்த்துக்கொண்டேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு மூச்சு விடக் கஷ்டம். கிளினிக் டொக்டர் தமிழ் அவ்வளவாகத் தெரியாத சிங்களப் பெடியன். அவளுக்குத் தமிழை விட்டால் வேறொன்றும் தெரியாது. ஆகவே சொல்லிக்கொடுக்க இங்கிலீஷ் டீச்சரான நான் கூடப் போனேன்.

கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்: "டீச்சர், மூத்தவளுக்கு இழுப்பு வந்தால் 'கொர் கொர்' எண்டு ரெண்டு பக்கமும் கேக்கும். இது அப்பிடியில்லை. வலப்பக்கத்தில மட்டுந்தான். இஞ்ச பாருங்கோ." உதட்டைக் குவித்து, மெல்லிதாக 'கீ' என்று ஊதிக் காட்டினாள். வரிசையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது.

"உள்ளுக்குப் போய் இப்பிடியெல்லாம் ஊதக்கூடாது. நான் இங்கிலீசில வடிவாச் சொல்லுறன்" என்றேன்.

வடிவாகத்தான் சொன்னேன். பிள்ளைக்கு 'வீசிங்' என்று ஒற்றைச் சொல், உச்சரிப்பில் ஒரு பிழையில்லை. வலப்பக்கம் என்றதையும் விட்டுவிட்டேன். வீட்டில் வேறு யாருக்கும் 'அஸ்மா', அதாவது இழுப்பு, இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். ஓம், மூத்தவளுக்கு என்றேன். அவர் தலையாட்டி, இழுப்புக்கு மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுக்கச் சொல்லி, மருந்தும் எழுதினார். அவர்மேல் குற்றம் சொல்ல ஏலாது. என்னிடமிருந்து வந்ததை வைத்துத்தானே அவர் எழுதுவார்.

இரண்டு நாள் போயும் மூச்சு சீராகவில்லை. பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிவிட்டுத் தாயின் தோளிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் காலை மறுபடியும் அதே டொக்டர். நான் வாயைத் திறக்குமுன் அவள் என் கையைப் பிடித்து ஒதுக்கினாள்.

"நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ டீச்சர்."

பிள்ளையின் வலப்பக்க விலாவில் கையை வைத்தாள். டொக்டரின் முகத்தைப் பார்த்தபடி 'கீ' என்று ஊதினாள். இடப்பக்கத்தில் கையை வைத்து, இல்லையென்று தலையாட்டினாள். திரும்ப வலப்பக்கம், திரும்ப ஊதினாள்.

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். ஸ்டெதஸ்கோப் குழாயை வலப்பக்கம் வைத்துக் கேட்டார், இடப்பக்கம் கேட்டார், மறுபடி வலப்பக்கத்துக்கே வந்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஓரிரு தமிழ்ச் சொற்களில் அவளிடமே கேட்டார்: "கச்சான்? கச்சான் சாப்பிட்டதா?"

அவள் நினைவுபடுத்திச் சொன்னாள். போன கிழமை கடற்கரையில் தகப்பன் வறுத்த கச்சான் கடலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். தின்னும்போது பிள்ளைக்குப் புரைக்கேறியிருக்கிறது. அப்புறம் சரியாகிவிட்டதென்று விட்டிருக்கிறார்கள்.

எக்ஸ்ரே எடுத்து, அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிள்ளையை மயக்கி, தொண்டை வழியே குழாய் விட்டு, வலது நுரையீரலுக்குப் போகும் குழலில் சிக்கியிருந்த பாதிக் கச்சானை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அங்கிருந்த நேர்சு சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பிள்ளை கண் விழித்துத் தண்ணீர் கேட்ட பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை.

"முதல் நாளே என்னை ஊத விட்டிருக்கலாம், டீச்சர்" என்றாள்.