ஹைதராபாத்தில் மூன்று நாள்: தோற்ற பிறகு போடும் கையெழுத்து

கடந்த ஜனவரியில் ஹைதராபாத் போகும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அக்கா அனுப்பினாள். அவள் மகள் ஆதிரைக்கு இருபத்தாறு வயது. தொழில்முறை டென்னிஸ் ஆடுகிறாள். உலகத் தரவரிசையில் எண்ணூறுக்கும் கீழே. விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கி வேலை கிடைத்திருந்தது. வியாழக்கிழமை சேர வேண்டும். ஹைதராபாத் போட்டியின் பிரதான சுற்றில் ஓர் ஆட்டமாவது ஆடாவிட்டால் வேலையில் சேர்ந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள். "நீ போய்க் கையோட கூட்டிட்டு வந்துடு" என்றாள் அக்கா. இருவருக்கும் செவ்வாய் மாலை ரயிலில் டிக்கெட் எடுத்தேன்.

சனி மாலை சென்னையில் ஏறி, ஞாயிறு காலை ஏழே காலுக்குச் செகந்திராபாத்தில் இறங்கினேன். மைதானம் 19 கிலோமீட்டர். ஆட்டோவில் ஒரு மணி பத்து நிமிடம், 450 ரூபாய். ஓட்டுநர் லாலாகுடாவில் பிறந்த தமிழர்; ஹைதராபாத் உருது கலந்து பேசினார்.

"டென்னிஸா? உங்க பொண்ணா மேடம்?"

"அக்கா பொண்ணு."

"ஹவ்! டிவில வருவாங்களா?"

"வரமாட்டாள்."

"டிவில வராததுக்கு ஏன், காயிக்கு இவ்ளோ தூரம்?"

பாலாநகர் நெரிசலில் வண்டி நின்றது.

அன்று தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். ஆதிரை 4-6, 6-7 என்று தோற்றாள். பார்த்தவர்கள் என்னையும் சேர்த்து பதினோரு பேர். முடிந்தது என்று நினைத்து, சாப்பிடப் போகலாமா என்றேன்.

"போலாம். ஆனா நாளைக்குக் காலைல ஒன்பதுக்குள்ள வந்து கையெழுத்துப் போடணும், சித்தி."

"தோத்துட்டியே?"

தோற்றவர்களுக்கும் ஒரு பட்டியல் உண்டாம். பிரதான சுற்றில் யாராவது முதல் பந்துக்கு முன் விலகினால், பட்டியலில் முதலில் இருப்பவர் உள்ளே போகலாம். ஒவ்வொரு நாளும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். ஆதிரைதான் முதலிடம்.

"அப்போ யாருக்காவது அடிபடணும்னு வேண்டிக்கணுமா?"

"அதெல்லாம் வேண்டாம். கையெழுத்துப் போட்டா போதும்."

திங்கட்கிழமை முழுவதும் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மணிக்கொரு முறை எழுந்து ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டாள். யாரும் விலகவில்லை. நானோ, நடந்துபோகும் வீராங்கனைகளின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு முதல் சுற்றில் ஓர் ஆட்டம்தான் பாக்கி. அதில் ஆட வேண்டியவள் ஸ்ரவ்யா, ஆதிரையுடன் அறையைப் பகிர்ந்துகொண்டவள். நொண்டியபடி எங்களிடம் வந்தாள்.

"அக்கா, டேப் உந்தா?" இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டாள். கணுக்காலில் சுற்றியிருந்த டேப் பிய்ந்து தொங்கியது.

ஆதிரை தன் பையைத் திறந்து டேப்பை எடுத்தாள். எடுத்ததோடு விடவில்லை, மண்டியிட்டு, ஐந்து நிமிடம் நிதானமாக அவளே சுற்றியும் விட்டாள். ஸ்ரவ்யா எழுந்து இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். "சூப்பர் அக்கா!" என்று ஓடினாள். இரண்டு இருபதுக்கு முதல் பந்து விழுந்தது.

"ஏன் கொடுத்தே?"

"கேட்டா, சித்தி."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமே."

"பைல இருந்துச்சே."

மூன்றாவது கேமில் ஸ்ரவ்யா வலி தாங்காமல் விலகினாள். ஆட்டம் தொடங்கிவிட்டதால் அந்த இடம் அவளுக்கும் பயன்படவில்லை, இவளுக்கும் இல்லை. ஆதிரை ஐஸ் பையுடன் அவளிடம் போனாள். திரும்பி வந்து, "நீங்க கிளம்புங்க. அடுத்த வாரம் புனேல ஆட்டம்" என்றாள்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"நான் பேசறேன்."

"என்னன்னு?"

"தெரியலையே" என்று சிரித்தாள். பிடிவாதமா, பயமா, வெறும் பழக்கமா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்து வரவும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: சிறிய போட்டிகளைப் பார்க்க அனுமதி இலவசம். தொப்பியும் தண்ணீரும் அவசியம். நிழல் ஒரு பக்கம்தான். மாலை ரயில் என்றால் நான்கு மணிக்கே கிளம்புங்கள். இருவருக்கான டிக்கெட்டை, இருவரும் வருவார்கள் என்று உறுதியான பிறகு எடுங்கள். எனக்கு ரத்து செய்யவும் நேரம் கிடைக்கவில்லை.

ரயில் கிளம்பியதும் டிக்கெட் பரிசோதகர் எதிர் இருக்கையைக் காட்டி, "இவங்க வரலையா?" என்றார். வரவில்லை என்றேன். காத்திருப்போர் பட்டியலைப் பார்த்து, கதவருகே பாதி இருக்கையில் ஒடுங்கியிருந்த ஒரு பெண்ணை அழைத்தார். அவள் பையோடு ஓடி வந்து உட்கார்ந்து, காரணம் எதுவும் தெரியாமல், எனக்கு நன்றி சொன்னாள்.