விதைநெல் மூட்டைக்குப் பின்னால்

எங்கள் நாய்க்குட்டி டைகர் வீட்டுக்குள் அசிங்கம் பண்ணினால், என் கணவர் அதன் மூக்கை அதிலேயே வைத்துத் தேய்த்து, அடியும் போடுவார். "அப்பதாங்க புத்தி வரும்" என்பேன் நானும். சில நாளில் தரை சுத்தமானது. புத்தி வந்துவிட்டது என்றே நினைத்தோம்.

குறுவைக்கு நாற்று விட, உள்ளறையில் அடுக்கியிருந்த விதைநெல்லை ஊறப்போட எடுத்தோம். பின்வரிசை மூட்டையைத் தூக்கிய என் விரல்கள் சதசதவென்று எதிலோ புதைந்தன. சாக்கு இற்றுப்போய், நெல்லோடு கலந்த நாய் மலத்தில் புழுக்கள் நெளிந்தன. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

கணவர் டைகரை அடிக்கக் கையை ஓங்கினார். டைகர் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பயம் எங்களிடம்தான்; எங்கள் கண்ணில் படாத இடமாகத் தேடிப் போயிருக்கிறது. வெளியே கூட்டிப்போனாலும் நான் பக்கத்தில் நிற்கும்வரை அடக்கிக்கொண்டு நின்றதும் அதனால்தான்.

"விடுங்க, நாம கத்துக்குடுத்ததுதான்" என்றேன்.

இப்போது தினமும் காலையில் வாய்க்கால் கரைக்கு அழைத்துப்போகிறேன். முடித்ததும் தடவிக்கொடுத்து, ஒரு துண்டு கருவாடு தருகிறேன். டைகர் பயத்தை மறந்துவிட்டது. நான்தான் இன்னும் சோற்றில் கை வைக்குமுன் விரல்களை மோந்து பார்த்துக்கொள்கிறேன்.